நால்வர், ஐந்து நாடுகள், ஆளுக்கு நான்கு இலட்சம்: இது நடக்கக்கூடிய திட்டமா?

கல்லடியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பைச் சேர்ந்த நாங்கள் நான்கு நண்பர்கள், பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு முதுகுப்பையுடன் புறப்பட்டு, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளையும் மூன்று வாரங்களில் பார்த்துவர எண்ணியுள்ளோம். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்குமாக ஆளுக்கு நான்கு இலட்சம் ரூபாய்க்கு மேல் போக முடியாது. எங்களில் ஒருவர் காத்தான்குடிக்காரர் என்பதால் ஹலால் உணவு கட்டாயம். இன்னொருவருக்கு வயல் இருப்பதால் வெட்டுக்கு முன்னர் வர இயலாது. இந்தத் தொகைக்குள் ஐந்து நாடுகளும் அடங்குமா, அடங்காவிட்டால் எதை விடலாம், நால்வரும் பொதுப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று, இலங்கைக் கடவுச்சீட்டில் இவ்வழியே சென்றுவந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பொத்துவில் பயணி எழுதியது:

தம்பி, ஐந்து நாடுகள் அடங்கா. மூன்று தாராளமாக அடங்கும். இணையத்தில் கிடைக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை, எந்த எல்லையையும் விசா இல்லாமல் கடக்கக்கூடிய ஐரோப்பியருக்காக எழுதப்பட்டவை. நம்முடைய கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவற்றை அப்படியே பின்பற்றினால் ஒவ்வொரு எல்லையிலும் பணமும் நாட்களும் கரையும். ஆகவே எந்த நாடு அழகானது என்று பார்ப்பதற்கு முன், எந்த எல்லையைத் தரைவழியாகவும் செலவின்றியும் கடக்கலாம் என்று பாருங்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. தாய்லாந்து, 2024 ஜூலையில் அறுபது நாள் விசா விலக்குப் பட்டியலை விரிவாக்கியபோது இலங்கையையும் சேர்த்தது. அங்கே விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கு மட்டும் இணையவழி விசா எடுக்க வேண்டும், அதுவும் பொதுவாக ஒரு தடவை நுழைவதற்கே செல்லும். இந்த ஒரு விடயத்தைக் கவனிக்காமல், சிங்கப்பூரில் அறை விலை அதிகமென்று, எல்லைக்கு அப்பாலுள்ள மலேசிய நகரான ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு பகலில் சிங்கப்பூருக்குப் போய்வரலாம் என்று பலர் கொடுக்கும் ஆலோசனையை எடுத்துவிடாதீர்கள். மலேசியாவை விட்டு வெளியேறிய அந்தக் கணமே உங்கள் விசா முடிந்துவிடும்.

கம்போடியாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2025 ஜூனில் தாய்லாந்து அந்நாட்டுடனான தரைவழி எல்லையைப் பயணிகளுக்கு மூடியது, ஜூலையில் இரு படைகளும் மோதிக்கொண்டன, அவ்வாண்டின் இறுதியிலும் சண்டை மூண்டது. விமானத்தில்தான் போக வேண்டுமென்றால் குறைந்த செலவுப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் சொல்லும் வழி இது. கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவழி டிக்கெட், திரும்பும்போது பாங்கொக்கிலிருந்து கொழும்புக்கு ஒருவழி டிக்கெட். குறைந்த கட்டண விமானங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே விலை வைப்பதால் இப்படி எடுப்பதில் நட்டமில்லை, முதலில் போய் இறங்கிய சிங்கப்பூருக்கே திரும்பி ஓடும் செலவும் மிச்சமாகும். சிங்கப்பூரில் இரண்டு இரவுகளுக்கு மேல் வேண்டாம். தெக்கா சந்தையிலுள்ள உணவுக் கடைகளில் சாப்பிட்டால் பையில் ஓட்டை விழாது. பிறகு உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்தே நிமிடத்தில் போகும் சிறிய ரயில், அங்கிருந்து பஸ்ஸில் கோலாலம்பூர். பத்துமலைக்குத் தனி வண்டி பிடிக்க வேண்டாம், நகர ரயில் அதன் வாசலிலேயே நிற்கிறது.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வேர்த், படகில் பினாங்கு. என் கணக்கில் இந்தப் பயணத்தின் உச்சமே பினாங்குதான், அங்கே குறைந்தது நான்கு இரவுகள் தங்குங்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜோர்ஜ் டவுன் வீதிகளைக் கால்நடையாகவே பார்க்கலாம், தமிழிலேயே வழி கேட்கலாம். காத்தான்குடி நண்பருக்கும் கவலையில்லை: நாசி கண்டார் என்பதே தமிழ் முஸ்லிம்கள் முன்னொரு காலத்தில் தோளில் காவிச் சென்று விற்ற சோறுதான்.

பட்டர்வேர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயில் பாடாங் பெசார் எல்லை வரை போகும். அங்கே இரு நாடுகளின் குடிவரவுப் பிரிவுகளும் ஒரே நிலையக் கட்டடத்தில் இருப்பதால் ஒரு முத்திரை வாங்கி மறு முத்திரைக்கு நடந்தே போய்விடலாம். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்தங்கியது, ரயில் நேரத்தை அதற்கேற்பப் பாருங்கள். எல்லை தாண்டினால் சிறிய ரயிலில் ஹாட்யாய், அங்கிருந்து இரவு ரயிலில் படுத்தபடியே பாங்கொக். ஓர் இரவு அறைவாடகை மிச்சம். கிழக்குக் கரையோரமாக நராதிவாத், பத்தானி, யாலா மாகாணங்கள் வழியே போகும் பாதையை எடுக்க வேண்டாம். அங்கே நெடுங்காலமாகக் கிளர்ச்சி நடப்பதால் பல பயணக் காப்புறுதிகள் அப்பகுதிக்குச் செல்லாது.

வாவிக்கரை எழுதியது:

மேலே அண்ணா சொன்ன பாதைக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நண்பர்கள் கோபித்துக்கொண்டு திரும்புவது பெரும்பாலும் அறையாலோ சாப்பாட்டாலோ அல்ல, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதால்தான்.

இன்றே நால்வரும் ஒரு சீட்டுத் தொடங்குங்கள். மாதாமாதம் ஒரே தொகை போட்டு, டிக்கெட்டும் மலேசிய விசாவும் அதிலிருந்தே எடுக்கப்பட்டால், கட்ட முடியாதவர் யார் என்பது விமான நிலையத்தில் அல்லாமல் ஊரிலேயே தெரிந்துவிடும். பயணத்தின்போது அறை, ரயில், பஸ் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு பொதுப் பை வைத்து, அதை ஒருவரிடமே கொடுங்கள். சாப்பாட்டை அவரவர் பையிலேயே விட்டுவிடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு தேநீரோடு நிற்பவரும் ஆறு குளிர்பானம் குடிப்பவரும் ஒரே பில்லைப் பங்கிட்டால் மூன்றாம் நாளே முகம் கறுக்கும். மற்ற கணக்குகளுக்கு ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலி போதும்.

தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டையால் பணம் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் அந்நாட்டு வங்கியே அறவிடும், நம் வங்கியின் கட்டணம் வேறு. ஆகவே நால்வருக்குமாக ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுங்கள்.

கல்லடியான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கம்போடியாவை விட்டுவிட்டோம். ஆனால் வியட்நாமில் எல்லாம் மலிவு, பாங்கொக்கிலிருந்து விமானமும் குறைந்த விலையில் கிடைக்கிறது என்று ஒருவர் விடாப்பிடியாக நிற்கிறார். மேலும், இளைஞர்கள் நால்வர் ஒன்றாகப் போனால் கட்டுநாயக்காவிலேயே மறித்துக் கேள்வி கேட்பார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

சம்மாந்துறை நானா எழுதியது:

வியட்நாம் மலிவுதான், மறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் இணையவழி விசா தருகிறார்கள், ஒரு தடவை நுழைவுக்கு 25 அமெரிக்க டொலர். ஆனால் விசா, கூடுதல் விமானம், பொதிக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால், அங்கே சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது அதற்கே போய்விடும். அது நீளமான நாடு, ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் செல்லும். ஐந்து நாட்களில் அதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த தடவைக்கு வையுங்கள்.

கேள்வி கேட்பது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. வேலை தருவதாக ஏமாற்றப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள், தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவதிப் பகுதியிலுள்ள இணையமோசடி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே இங்கும் அங்கும் அதிகாரிகள் ஐயத்தோடு பார்ப்பதைக் குறைசொல்ல முடியாது. திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான அறைப் பதிவு, வேலை செய்யுமிடத்தின் விடுமுறைக் கடிதம், வயல்காரத் தம்பிக்குக் காணி உறுதியின் பிரதி ஆகியவற்றை அச்செடுத்து அவரவர் பையிலேயே வையுங்கள்; கைத்தொலைபேசியை மட்டும் நம்ப வேண்டாம். தாய்லாந்துக்குள் நுழையும்போது ஆளுக்கு 20,000 பாத் பெறுமதியான பணம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கடவுச்சீட்டு எல்லோருக்கும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

மூன்று நாடுகளுமே வருகை அட்டையை இணையத்தில், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பச் சொல்கின்றன. மூன்றும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசின் தளமல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்பவர் யாராவது இருந்தால், மின்சிகரட்டுக்குச் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை உண்டு, சிங்கப்பூருக்குள் சாதாரண சிகரட்டுக்கும் தீர்வைச் சலுகை கிடையாது.

காலத்தைப் பொறுத்தவரை நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல முடிவே எடுத்திருக்கிறீர்கள். நமக்கு மாரி பெய்யும் அதே வாடைக்காற்றுத்தான் ஹாட்யாயிலும் பெருமழை கொட்டச் செய்கிறது, 2025 நவம்பரில் அந்நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. வெட்டு முடிந்த மார்ச் மாதம் வறண்டிருக்கும். நோன்பு அந்த மாதத்துக்குள் வருகிறதா என்று மட்டும் காத்தான்குடித் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குத் தள்ளினால், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி 13 முதல் 15 வரை தாய்லாந்தில் அவர்களுடைய புத்தாண்டான சொங்கிரானைக் கொண்டாடுவார்கள். இரவு ரயிலில் படுக்கை கிடைப்பது அரிது.

பொத்துவில் பயணி எழுதியது:

நானா சொன்னதோடு ஒன்று. குறைந்த கட்டண விமானங்களில் கைப்பொதி பெரும்பாலும் ஏழு கிலோதான், பெரிய பை வாங்கிவிட்டு அதற்குப் பொதிக் கட்டணம் கட்டாதீர்கள். டிக்கெட்டை வெட்டு இயந்திரம் வயலுக்கு வரும் நாள் உறுதியான பின்னரே எடுங்கள். மலிவான டிக்கெட்டில் நாள் மாற்றினால், மாற்றும் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்ந்து புதிய டிக்கெட்டின் விலைக்கே வந்து நிற்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரை போக வேண்டிய தேவையும் இல்லை. இரவு பஸ்ஸில் ஏறிக் குருநாகலில் இறங்கினால் நீர்கொழும்புப் பக்கமாகக் கட்டுநாயக்காவுக்குப் போகலாம். விமானம் காலையில் என்றால் மட்டும் ஒரு நாள் முன்னதாகப் புறப்படுங்கள்.