மக்களைத் தேடி மருத்துவம்: பதிவு ஏறுகிறது, பிரஷர் இறங்குகிறதா?

கணக்குப்பிள்ளை:
2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் மேடைக்கு மேடை "இத்தனை பேர் பயனடைந்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயனடைந்தவர்களில் எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் வந்தது? 2020ல் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் அளந்து எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8.

நைட்டு டூட்டி:
அது திட்டம் வருவதற்கு முந்தைய கணக்கு சார். அதை வைத்து எப்படி இந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறீர்கள்? அந்த 7.3கூட யாரோ வீடு வீடாகப் போய் அளந்து எழுதியதால்தானே உங்களுக்குத் தெரிகிறது! முன்பெல்லாம் பாதியில் மாத்திரையை விட்டவர் யார் என்றே பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) தெரியாது. பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் பார்ப்போம். இப்போது பட்டியலில் பெயர் இருக்கிறது, தேடிப் போக முடிகிறது.

கணக்குப்பிள்ளை:
முந்தைய கணக்குதான், சரி. பிந்தைய கணக்கை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மேட்டுத்தெரு மருமகள்:
எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மாமியாருக்கு மாதாமாதம் பிரஷர் அளந்து செயலியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மேல் அளவு 170க்கு மேல். ஒவ்வொரு முறையும் அதே பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5 மி.கி.தான். வீட்டுக்கு வந்து அளக்கும் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், டோஸை அவர் கூட்ட முடியாது, டாக்டர்தான் கூட்டணும். ஆனால் அந்த 170ஐ எந்த டாக்டராவது திறந்து பார்த்தாரா? கடைசியில் நாங்களே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினோம்.

நைட்டு டூட்டி:
இது நியாயமான புகார். ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய ஸ்டெத்:
ஆளைவிட வேலையின் வரிசைதான் முக்கியம் என்பேன். 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் உறுதியானதும் ஐந்தே விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. தாளில் குறித்தாலே போதும். நிலைமை மோசம் என்றால் தாமதிக்காமல் அட்மிஷனுக்கு அனுப்ப வேண்டும். எழுதுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்து என்ன செய்வது என்ற முடிவு காத்திருக்கிறது. 170க்கு அப்படி ஒன்று இருந்ததா?

நைட்டு டூட்டி:
டாக்டர், டிபி சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். பிரஷர் ஆயுசுக்கும். ஒரு தாளில் அடங்காது, பதிவேடு வேண்டும்தான்.

மேட்டுத்தெரு மருமகள்:
இருக்கட்டும். அந்தப் பதிவை எங்களிடமும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். தனியார் டாக்டரிடம் போனால் காட்ட எதுவும் இல்லை.

நைட்டு டூட்டி:
செயலியிலும் ஏற்றி, நோட்டிலும் எழுதச் சொன்னால் அந்த அக்கா எத்தனை வீடுதான் போவார்?

கணக்குப்பிள்ளை:
அப்போது செயலியில் எதை விடலாம் என்று பேசுவோமா?