ஹைலைட்ஸில் எல்லோரும் நட்சத்திரம்தான்: டிராஃப்டுக்கு முன்னால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

அல்சூர்வாசி

வணக்கம் மக்களே. வீடு அல்சூர், வேலை அவுட்டர் ரிங் ரோடு. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசியே எங்கள் டீமில் நாலைந்து தமிழ் ஆட்களுக்கு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது சீசனைவிட டிராஃப்ட்தான், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கிற நிகழ்ச்சிதான், எங்களுக்குப் பெரிய விஷயம். முதல் ரவுண்டு நமக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அதற்கு முன்னால் ஆளுக்கொரு பட்டியல் எழுதி குரூப்பில் போட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பட்டியல் எதுவுமே எங்களுடையதாக இல்லை. நாலு மாக் டிராஃப்டை (யார் யாரை எடுப்பார்கள் என்ற ஊகப் பட்டியலை) படித்துவிட்டு, யூடியூபில் பத்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு, வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறோம், அவ்வளவுதான். ஹைலைட்ஸில் எந்த குவார்ட்டர்பேக்கும் பந்தைத் தப்பாக வீசுவதில்லை, எந்த ரிசீவரும் கைநழுவ விடுவதில்லை. ஒரு நண்பர் கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் தேர்வில்) நாற்பது கெஜம் எத்தனை நொடியில் ஓடினான் என்பதைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டார். இன்னொருவருக்குக் கல்லூரியில் எத்தனை டச்டவுன் என்பதுதான் கணக்கு. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

சனிக்கிழமை முதல் கல்லூரி ஆட்டம் நமக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வரும், அடுத்தது ஒரு மணிக்கு. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே கேள்வி இதுதான்: ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டு ஆட்டம் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் எந்த ஆட்டத்தை எடுப்பீர்கள், அதில் கண்ணை எங்கே வைப்பீர்கள்?

நாலாவது டவுன்

நல்ல கேள்வி நண்பா. என் பதில் நேரடியானது: அந்த ஆள் சந்தித்ததிலேயே பலமான எதிரணியோடு ஆடிய ஆட்டத்தை எடுங்கள், முழுசாகப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். ஆளைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்நாப்பிலும் (பந்து ஆட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு தடவையும்) அந்த ஒருவர் மேலேயே கண் இருக்கட்டும், பந்து எங்கே போனால் என்ன.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற ஆட்டம் 2019இல் நார்த்வெஸ்டர்ன், ஓஹயோ ஸ்டேட் கல்லூரிகள் மோதியது. ஸ்கோர் 52-3. நார்த்வெஸ்டர்ன் நொறுங்கிப்போன ஆட்டம், ஸ்கோரை மட்டும் பார்க்கிறவர்கள் அந்த அணியில் தேற ஒருவரும் இல்லை என்று மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய லெஃப்ட் டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கிற லைனின் இடது ஓரத்து ஆள்) ரஷான் ஸ்லேட்டர். எதிரே சேஸ் யங், அந்த சீசனில் 16.5 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்து அடுத்த டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். யங் வெளிப்பக்கமாகச் சுற்றி வரும்போது ஸ்லேட்டர் பாய்ந்து போய் முட்டுவதில்லை, அதைக் கவனியுங்கள். இடுப்பைத் தாழ்த்தி, காலைச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் வைத்து, யங் கை நீட்டும் வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் தன் கையை அவர் நெஞ்சில் பதிக்கிறார். உடம்பு முன்னால் சாய்வதில்லை. சாய்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே யங் உள்பக்கம் புகுந்துவிடுவார்.

2020 சீசனில் கொரோனாவால் ஸ்லேட்டர் ஆடவே இல்லை. கை நீளம் 33 அங்குலம்தான், டாக்கிளுக்குப் போதாது, உள்ளே கார்டு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். சார்ஜர்ஸ் 2021இல் 13ஆவதாக எடுத்து லெஃப்ட் டாக்கிளிலேயே நிறுத்தியது, முதல் வருடமே ப்ரோ பௌல் (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான தேர்வு). கையை அளந்தவர்கள் காலைப் பார்க்கவில்லை.

குவார்ட்டர்பேக் என்றால் இன்னும் எளிது. முதலில் பார்க்கிற ரிசீவருக்கு வீச முடியாமல் போகிற ஸ்நாப்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஸ்கிரீன் பாஸ், ஒரே ஆளைப் பார்த்து உடனே வீசுவது, இதெல்லாம் கோச் வரைந்து கொடுத்தது, அதில் அவர் யார் என்று தெரியாது. சேவாக் அடித்த சிக்ஸர்களை மட்டும் தொகுத்துப் பார்த்துவிட்டு டெஸ்ட் ஓப்பனரைத் தேர்ந்தெடுக்க முடியுமா? எந்தப் பந்தை விட்டார் என்று பார்க்க வேண்டாமா?

ராத்திரி ஷிஃப்ட்

குவார்ட்டர்பேக் பற்றிச் சொன்னதற்கு சி.ஜே. ஸ்ட்ரௌடைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓஹயோ ஸ்டேட்டில் அவருக்கு மார்வின் ஹாரிசன் ஜூனியர் மாதிரி ரிசீவர்கள், முன்னால் பலமான லைன். சுத்தமான பாக்கெட்டில் (லைன் சுற்றி நின்று காக்கிற இடத்தில்) நின்று யாருக்கும் பிடிக்கிற மாதிரி வீசுவார், ஆனால் நெருக்கினால் காலைப் பயன்படுத்த மாட்டார் என்பதுதான் அவர் மேல் இருந்த குறை. நியாயமான குறைதான்.

அப்புறம் ஜார்ஜியாவோடு பீச் பௌல். அமெரிக்காவில் 2022 டிசம்பர் 31 இரவு, நமக்குப் புத்தாண்டு காலை. நடப்பு சாம்பியன், நாட்டிலேயே கெட்டியான டிஃபென்ஸ். பாக்கெட் உடைந்த பிறகு வெளியே ஓடி, ஓடிக்கொண்டே தூரத்தில் பார்த்து வீசினார். 348 கெஜம், 4 டச்டவுன். மூன்றாவது குவார்ட்டரில் ஹாரிசன் அடிபட்டு வெளியே போன பிறகும் ஆட்டத்தைப் பிடித்து வைத்திருந்தார். 42-41 என்று தோற்றார்கள், கடைசி ஃபீல்டு கோல் தவறியது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2023இல் கரோலினா முதல் இடத்துக்காக டி.ஜே. மூரையும் கூடவே பல பிக்குகளையும் (டிராஃப்டில் ஆளை எடுக்கிற முறைகளை) சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு பிரைஸ் யங்கை எடுத்தது. ஸ்ட்ரௌட் இரண்டாவதாக ஹூஸ்டனுக்குப் போனார். முதல் சீசனிலேயே 4108 கெஜம், 23 டச்டவுன், வெறும் 5 இண்டர்செப்ஷன் (வீசியதை எதிரணி பிடித்தது). கரோலினாவுக்கு 2 வெற்றி, 15 தோல்வி. பிரைஸ் யங்கை 62 தடவை சாக் செய்தார்கள். அவர் உயரம் குறைவு என்பதை எல்லோரும் பேசினார்கள், அவர் முன்னால் நிற்கப்போகிற லைனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எந்த அணிக்குப் போகிறார் என்பதைத் தள்ளி வைத்துவிட்டு ஆளை மட்டும் அளக்க முடியாது, ஆனால் நம் பட்டியல் டிராஃப்டுக்கு முன்னால் எழுதுவது, அதுதான் கஷ்டம்.

மூணாவது ரவுண்டு

இரண்டு பேரும் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் எண்களை ஓரம் கட்டுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. கண்ணும் ஏமாறும். பிடித்த கல்லூரி, பிடித்த ஸ்டைல், எல்லாம் சேர்ந்து நம் கண்ணை வளைத்துவிடும்.

எந்த எண், எந்த இடத்துக்கு என்பதுதான் விஷயம். லைன்மேன் நாற்பது கெஜம் ஓடுவதில் எனக்கு அக்கறையே இல்லை, ஒரு சீசனில் அவர் எத்தனை தடவை அப்படி ஓடப் போகிறார்? முதல் பத்து கெஜம் எத்தனை நொடி என்று பாருங்கள். ஜான் ராஸ் 2017இல் 4.22 ஓடினார், அப்போது அது கம்பைன் ரெக்கார்டு. சின்சினாட்டி 9ஆவதாக எடுத்தது. முதல் சீசனில் ஒரு கேட்ச் கூட இல்லை. மறுபக்கம் பூகா நாகுவா, 4.57, அடிபட்ட வரலாறு, அதனால் 2023இல் ஐந்தாவது ரவுண்டு, 177ஆவது. முதல் சீசனில் 105 கேட்ச், 1486 கெஜம், இரண்டுமே அப்போது புதுமுகங்களுக்கான ரெக்கார்டு. வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டி.கே. மெட்காஃப் 228 பவுண்டு உடம்போடு 4.33 ஓடினார், கோன் டிரில்லில் (கூம்புகளைச் சுற்றித் திரும்பி ஓடுவதில்) சொதப்பினார், 64ஆவது வரை இறங்கினார். அவர் சட்சட்டென்று திரும்பி ஆடுகிற ரிசீவர் கிடையாது, நேராக ஓடித் தாண்டுகிறவர். சியாட்டில் அந்த வேலையைத்தான் அவருக்குக் கொடுத்தது, முதல் வருடமே 900 கெஜம். எண் தப்பில்லை, அதிலிருந்து என்ன வேலை தரலாம் என்று படிக்கத் தெரிய வேண்டும்.

குவார்ட்டர்பேக்குக்கு நான் பார்க்கிற ஒரே எண்: நெருக்கடி வந்த ஸ்நாப்களில் எத்தனை சாக்கில் முடிகிறது. சாக்கை எல்லோரும் லைன் தலையில் கட்டுவார்கள், ஆனால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிற பழக்கம் ஆளோடு கூடவே வரும். சாம் ஹவல் நார்த் கரோலினா கல்லூரியில் நிறைய சாக் வாங்கினார். 2023இல் வாஷிங்டனில் முழு சீசன் ஆடக் கிடைத்தபோது 65. அவர் 2022இல் 144ஆவது பிக். 2025இல் முதல் ரவுண்டு என்று ஏகப்பட்ட மாக் டிராஃப்ட் எழுதிய ஷெடூர் சாண்டர்ஸும் ஐந்தாவது ரவுண்டில் அதே 144ஆவது இடத்தில்தான் போனார், அவரும் கொலராடோவில் பந்தைப் பிடித்து வைத்து அடி வாங்கியவர். அவர் இறங்கியதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் என் பட்டியலில் அவர் மேலே இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஜெயநகர்க்காரி

நீங்கள் எல்லோரும் ஆட்டத்தையும் அளவையும் பேசுகிறீர்கள், ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நமக்குத் தெரியவே தெரியாத ஒன்று உடம்பு. இண்டியானாபோலிஸ் கம்பைன் என்றாலே டிவியில் ஓட்டமும் தாண்டலும்தான் வரும், அணிகளுக்கு அங்கே பெரிய வேலை மருத்துவப் பரிசோதனை.

2016ஐப் பாருங்கள். நோட்ரே டாமின் ஜெய்லன் ஸ்மித் ஜனவரி 1 ஃபியஸ்டா பௌலில் முழங்காலை உடைத்துக்கொண்டார், நரம்பிலும் பாதிப்பு. முதல் ஐந்துக்குள் பேசப்பட்டவர் 34ஆவதாக டல்லஸுக்குப் போனார். அவருக்கு அறுவை சிகிச்சை செய்ததே டல்லஸ் அணியின் டாக்டர், ஆக அந்த ஒரு அணிக்கு மற்ற அணிகளைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. முதல் சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார், 2019இல் ப்ரோ பௌல். அதே டிராஃப்டில் மைல்ஸ் ஜாக், முழங்கால் பயத்தில் 36ஆவது, ஜாக்சன்வில்லில் பல வருடம் ஆடினார். இந்த இரண்டையும் எந்த வீடியோவைப் பார்த்தும் யாரும் சொல்லியிருக்க முடியாது. அதனால் டிராஃப்ட் அன்று ஒருவர் சரசரவென்று இறங்கினால் அணிகள் முட்டாள்கள் என்று திட்டாதீர்கள், அவர்கள் கையில் நம்மிடம் இல்லாத ஒரு ஃபைல் இருக்கிறது.

இன்னொன்று வயது. கொரோனாவுக்குப் பிறகு கூடுதல் வருடம் கிடைத்ததால் கல்லூரியிலேயே ஐந்து ஆறு வருடம் ஆடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் 61 கல்லூரி ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே இறங்கி ஆடிவிட்டுத்தான் 2024 டிராஃப்டுக்கு வந்தார். இருபத்து நாலு வயதுக்காரர் பத்தொன்பது வயதுப் பையன்களை அடித்துப் போடுவதை வைத்து அதிகம் மயங்க வேண்டாம். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பிறந்த வருடத்தை எழுதுங்கள், பட்டியல் தானாகவே கொஞ்சம் மாறும்.

அல்சூர்வாசி

அக்கா, வயது விஷயம் எங்கள் குரூப்பில் யாருக்குமே தோன்றியதில்லை, நன்றி. ஸ்லேட்டர் ஆட்டத்தை நேற்று ராத்திரியே தேடிப் பார்த்தேன். கால் அடி விஷயம் ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கார்னர்பேக்கை, அதாவது ஓரத்தில் நின்று ரிசீவரைத் தடுக்கிற டிஃபென்ஸ் ஆளை, எப்படிப் பார்ப்பது? ஸ்நாப் ஆனதும் கேமரா பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது, ஓரத்தில் நிற்கிறவர் ஃபிரேமிலேயே இல்லை. பந்து அந்தப் பக்கம் போனால்தான் ஆள் தெரிகிறார், அதுவும் பாதி நேரம் கேட்ச் முடிந்த பிறகு.

நாலாவது டவுன்

ஆமாம், அதுதான் டிவி ஒளிபரப்பின் சாபக்கேடு. இருபத்திரண்டு பேரையும் மேலிருந்து காட்டுகிற வீடியோ அணிகளிடம் இருக்கிறது, கல்லூரி ஆட்டத்துக்கு அது நம் கைக்கு வருவது அபூர்வம். இருக்கிறதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஸ்நாப்புக்கு முந்தைய இரண்டு நொடியில் அவர் ரிசீவரின் முகத்துக்கு நேரே நிற்கிறாரா, ஏழெட்டு கெஜம் தள்ளி நிற்கிறாரா என்று தெரியும். மூன்றாவது டவுனில் (நாலு முயற்சியில் மூன்றாவது), நாலைந்து கெஜம் தேவைப்படும்போது கோச் அவரை எங்கே நிறுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், தள்ளியே நிறுத்தினால் அந்தக் கோச்சுக்கு அவர் காலின் மேல் நம்பிக்கை இல்லை. ஓட்ட ஆட்டம் அவர் பக்கம் வந்தால் உடம்பைக் கொடுக்கிறாரா, ஒதுங்குகிறாரா என்பதை டிவி தவறாமல் காட்டும். ரீப்ளேயில் இடுப்பைப் பாருங்கள். ரிசீவர் திரும்பும்போது கூடவே திரும்ப முடியாதவர்கள்தான் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், பெனால்டி கணக்கில் அது வந்துவிடும்.

அப்புறம் பந்து அவர் பக்கம் வரவே இல்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள். சின்சினாட்டி கல்லூரியில் சாஸ் கார்ட்னர் மூன்று வருடம் ஆடியும் அவர் காத்த ஆளுக்கு ஒரு டச்டவுன் கூடக் கொடுக்கவில்லை. 2022இல் ஜெட்ஸ் நாலாவதாக எடுத்தது, அந்த வருடமே டிஃபென்ஸில் சிறந்த புதுமுகம். அவருடைய ஆட்டங்களை முழுசாகப் பார்த்தால் நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததுதான் அவர்.

ராத்திரி ஷிஃப்ட்

ஒரு யோசனை. நேரடியாக இந்த வருடப் பசங்களிடம் போகாமல் முதலில் பழைய டிராஃப்ட் ஒன்றில் பழகுங்கள். குரூப்பில் யாருக்கும் அதிகம் தெரியாத கார்னர்பேக் நாலு பேரை எடுத்து, எத்தனையாவது பிக் என்று பார்க்காமல், ஆளுக்கு இரண்டு ஆட்டம் பார்த்து வரிசைப்படுத்துங்கள். அப்புறம் என்ன ஆனார்கள் என்று திறந்து பாருங்கள். உங்கள் கண் எதில் தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும், எனக்கு அது ரிசீவர்கள் விஷயத்தில் ரொம்ப உதவியது.

இந்த வருடப் பட்டியலை எழுதும்போது மாக் டிராஃப்ட் எதையும் திறக்காதீர்கள், குறிப்பை எழுதி முடித்துவிட்டுத் திறங்கள். முதல் முப்பத்திரண்டு பேரையும் எழுதத் தேவையில்லை. ஒரே இடத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாலு வரி, போதும். எழுதியதும் இங்கேயே போடுங்கள், கார்னர்பேக் என்றால் நானும் என் ஐந்து பேரைப் போடுகிறேன்.