அப்பா அம்மாவுடன் சிங்கப்பூர்: கிரெடிட் கார்டை எங்கே தேய்ப்பது, எங்கே தேய்க்கக் கூடாது?

காவிரிக்கரை:

வணக்கம். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். நான், அப்பா, அம்மா. ஐந்து இரவு. மூன்று பேருக்குமே இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட், விசா எல்லாம் முடிந்தது. ஹோட்டல் பணம் மட்டும் அங்கே போய்த்தான் கட்ட வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு கிரெடிட் கார்டுதான், லிமிட் 1,20,000. மூன்று வருஷமாக ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. டெபிட் கார்டு ஒன்றும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் எல்லாவற்றுக்கும் கார்டையே தேய்த்துவிடு என்கிறார். இன்னொருவர், வெளிநாட்டில் கார்டை வெளியே எடுக்காதே, பில் வரும்போதுதான் தெரியும் என்கிறார். அப்பா முப்பது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர், கடன் என்றாலே அவருக்கு ஆகாது. ஊர் திரும்பிய பிறகு எதிர்பாராத பில் வந்து அவர் முகம் வாடக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்? அவசரம் என்றால் கிரெடிட் கார்டை வைத்து ஏடிஎம்மில் எடுக்கலாமா?

மலைக்கோட்டை_வாசி:

முதலில் வங்கி ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும், மற்றதை நாம்தான் திறக்க வேண்டும். கடைக்கு, ஆன்லைனுக்கு, ஏடிஎம்முக்கு என்று பெரும்பாலும் தனித்தனி பொத்தான் இருக்கும். கடையை மட்டும் திறந்து வைத்து ஏடிஎம்மை மூடிவிடுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கும் அதுதான் பதில். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், வழக்கமாகக் கிடைக்கும் நாற்பது ஐம்பது நாள் அவகாசம் அதற்குக் கிடையாது.

அப்புறம், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

கும்பகோணம்_அக்கா:

தம்பி, நான் 2024 மார்ச்சில் மகளைப் பார்க்கப் போனேன். அவள் வீடு சின்னது, அதனால் முதல் நான்கு நாள் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கினேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் முன்பணம் என்று கார்டை வாங்கினார்கள். 400 வெள்ளி. (அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கும் இரண்டே நாளில் வாயில் வந்துவிடும்.) அது செலவு இல்லை, ஹோல்டு. அதாவது பணம் போகாது, ஆனால் அந்த அளவுக்கு லிமிட் முடங்கிவிடும். அன்றைய கணக்கில் சுமார் 24,800 ரூபாய். காலி செய்யும்போது பில் 820 வெள்ளி. அதை ஹோல்டிலிருந்து கழிக்காமல் புதிதாக மறுபடி போட்டார்கள். என் லிமிட் 80,000. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட முழுவதையும் விழுங்கிவிட்டது. மறுநாள் பேத்திக்குச் சைக்கிள் வாங்கப் போனால் கார்டு மறுத்துவிட்டது. குழந்தை சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறாள், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அந்த ஹோல்டு விலக ஒன்பது நாள் ஆயிற்று.

அதனால், காலி செய்யும்போது ஹோல்டில் இருக்கும் தொகையிலேயே பில்லை முடித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். மீதி இருந்தால் அதை மட்டும் தனியாகப் போடட்டும். டெபிட் கார்டை முன்பணத்துக்குக் கொடுக்கவே வேண்டாம். கிரெடிட் கார்டில் முடங்குவது லிமிட், டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தப் பணம்.

இரண்டாவது விஷயம் அதே பில்லில்தான். மெஷினில் இரண்டு தொகை வந்தது. ஒன்று 820 வெள்ளி, இன்னொன்று 53,382 ரூபாய். நம் ஊர்ப் பணத்தில் இருக்கிறதே, புரிகிறதே என்று ரூபாயைத் தொட்டேன். அன்று ஒரு வெள்ளி சுமார் 62 ரூபாய், நியாயமாக 50,840தான் வர வேண்டும். அந்த மெஷினே சுமார் ஐந்து சதவீதம் ஏற்றியிருந்தது. அதோடு முடியவில்லை. ரூபாயில் கட்டினாலும் கடை வெளிநாட்டில்தானே இருக்கிறது என்று என் வங்கி ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் தனியாகப் போட்டது, அது 630 ரூபாய். ஆக 54,012. வெள்ளியையே தொட்டிருந்தால் என் கார்டுக்கு 2 சதவீத வெளிநாட்டுச் செலவுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 52,040தான். ஒரு விரல் தொடலில் ஏறத்தாழ 2,000 ரூபாய் போயிற்று.

எந்தப் பணத்தில் கட்டுவது என்று நம்மைக் கேட்டுத்தான் போட வேண்டும், விசா, மாஸ்டர்கார்டு விதியே அப்படி. செரங்கூன் சாலைப் பக்கம் கல்லாவில் இருப்பவர்கள் நிறையப் பேர் தமிழ் பேசுவார்கள். "வெள்ளியிலேயே போடுங்க" என்றால் போதும். போட்ட பிறகு ரசீதில் ரூபாய் என்று இருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

பால்கனிப்பூனை:

அக்கா சொன்ன 2 சதவீதம் எல்லாக் கார்டுக்கும் கிடையாது. சாதாரணக் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை உண்டு. ஜிஎஸ்டியோடு 4.13 ஆகிறது, லட்சத்துக்கு 4,130 ரூபாய். உங்கள் கார்டு அந்த ரகம் என்றால் கடைச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிச் சிங்கப்பூர் டாலரையே ஏற்றிக்கொண்டு போங்கள். ஏற்றும் நாளின் விலையோடு கணக்கு முடிந்துவிடும், தேய்க்கும்போது இந்தக் கட்டணம் கிடையாது. ஹோட்டல் முன்பணத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் கிரெடிட் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டை நம்பிப் போவது எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

தொலைந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே ஆப்பில் பிளாக் செய்துவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள். அங்கே சில கடைகளில் பின் நம்பர் கேட்காமலே பில் போடுவார்கள். வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் செலவுக்கு வங்கிதான் பொறுப்பு, 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையிலேயே அது இருக்கிறது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கட்டணப் பட்டியலைத் தேடிப் பிடித்தேன், என்னுடையது 3.5தான். ஆப்பில் ஏடிஎம் பொத்தான் திறந்தே கிடந்தது, மூடிவிட்டேன். ஃபாரெக்ஸ் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அது அம்மா பையில் இருக்கும்.

ஒரு சந்தேகம். எம்ஆர்டி ரயிலில் கிரெடிட் கார்டையே காட்டி ஏறலாமாமே. மூன்று பேருக்கும் நானே மூன்று தடவை காட்டினால் சரிதானா?

கும்பகோணம்_அக்கா:

இல்லை தம்பி. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. ஏறும்போது காட்டியதையே இறங்கும்போதும் காட்ட வேண்டும், உங்கள் ஒரு கார்டில் மூன்று பேர் போக முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் காசு தனியாகப் பிடிப்பார்கள். ஆளுக்கொரு ஈஸி-லிங்க் கார்டு (பணம் ஏற்றித் தட்டிப் போகும் பயணக் கார்டு) வாங்கிவிடுங்கள், பஸ்ஸுக்கும் அதுவே ஆகும். அம்மாவுக்கு மகனை எதிர்பார்க்காமல் தானே தட்டிப் போவதும் ஒரு சந்தோஷம்தான்.

ரொக்கம் நீங்கள் கேட்டது விட்டுப்போயிற்று. மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு 40, 50 வெள்ளி கையில் இருந்தால் போதும். தேக்கா சென்டர் மாதிரி உணவங்காடிகளில் பல கடைகளில் ரொக்கம், இல்லாவிட்டால் உள்ளூர் க்யூஆர்தான். நம் கார்டு செல்லாது.

காவிரிக்கரை:

சரி அக்கா, மூன்றாக வாங்கிவிடுகிறேன். இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடையில் கணக்கு எழுதிய மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். தினமும் ராத்திரி எல்லா ரசீதையும் வெள்ளியிலும் ரூபாயிலும் எழுதப் போகிறாராம்.

கும்பகோணம்_அக்கா:

ரொம்ப நல்லது. ரூபாய்க்கு ஒரு பத்தி காலியாக விட்டு வைக்கச் சொல்லுங்கள். தேய்த்த நாள் விலை வராது, வங்கிக்குக் கணக்கு வந்து சேரும் நாள் விலைதான் வரும், சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும். ஸ்டேட்மென்ட் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பத்தியை நிரப்புங்கள். அதுவரை ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.