வால்பாறைல மாரத்தான் பயிற்சி, ஆனை சிறுத்தை இருக்கிற இடத்துல லாங் ரன் எப்படி போறது?

சமவெளி_ஓட்டக்காரன்:
வணக்கம் மக்களே. வேலை மாறி வால்பாறை பக்கம் ஒரு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல குடி வந்திருக்கேன். ஜனவரில சென்னைல ஃபுல் மாரத்தான் ஓடணும்னு ரொம்ப நாள் ஆசை, 42 கிமீ. கோவைல இருந்த வரைக்கும் காலைல நாலரைக்கே கிளம்பி ரேஸ்கோர்ஸ் சுத்தி வருவேன், வெயில் ஏறுறதுக்குள்ள லாங் ரன் முடிஞ்சிரும். இங்க வாட்ச்மேன்ல இருந்து டீக்கடை அண்ணா வரைக்கும் அந்த நேரத்துல வெளிய வராதீங்க சார்ங்கறாங்க. ஹெட்லைட் கட்டிட்டு மெயின் ரோட்ல மட்டும் ஓடினா பரவால்லயா? இல்ல கீழ ஆழியார் வரைக்கும் காட் ரோட்ல, அதான் மலைப்பாதைல, இறங்கி ஓடிட்டு பஸ்ல திரும்பலாமா? இங்க ஓடுறவங்க இருந்தா சொல்லுங்க.

லயன்வீட்டு_பேரன்:
அண்ணா நான் பொறந்து வளந்தது எல்லாம் இங்க எஸ்டேட்லதான். முதல்ல ஒண்ணு, நாலரை மணிய மறந்துருங்க. கீழ வெயிலுக்கு பயந்து அந்த நேரத்துல ஓடுனீங்க, இங்க ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கோம், காலைல எட்டு மணிக்கும் குளிராத்தான் இருக்கும், அப்புறம் எதுக்கு இருட்டுல போகணும்? நல்லா விடிஞ்சு, கொழுந்து எடுக்க ஆளுங்க கிளம்பி, ரோட்ல ரெண்டு வண்டி போனதுக்கு அப்புறம் ஆரம்பிங்க, சாயங்காலம் அஞ்சுக்குள்ள வீட்ல இருங்க. ஹெட்லைட் போட்டா அந்த வெளிச்சம் படுற இடம்தான் தெரியும், பக்கத்துல இடுப்பளவு தேயிலைக்குள்ள என்ன படுத்திருக்குன்னு தெரியாது. 2025 ஜூன்ல பச்சமலை எஸ்டேட்ல சாயங்கால நேரம் வீட்டு வாசல்ல இருந்த சின்ன பொண்ண சிறுத்தை தூக்கிட்டு போச்சு, அந்த பயம் இன்னும் யாருக்கும் போகல.

காட் ரோடு வேண்டவே வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவும் புலிகள் காப்பகம் வழியா போறது, அங்க ஓடுறதுக்கு பாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க, விட்டாலும் வளைவு திரும்புற பஸ் டிரைவருக்கு உங்கள தெரியாது. மளுக்கப்பாறை தாண்டி அதிரப்பள்ளி ரோடும் அதே மாதிரிதான், முழுசா காடு.

மூடுபனி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனை விஷயம் மட்டும் தனியா சொல்றேன். இங்க தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டா சோலைக்காடு இருக்கு, ஓடை ஓரமும் சதுப்பும் இருக்கு, ஆனைங்க அது வழியாத்தான் ஒரு துண்டுல இருந்து இன்னொண்ணுக்கு போகும். நாம அது பாதையில குறுக்க வந்ததுதான் உண்மை. பழைய மரணங்கள எடுத்துப் பாத்தா பெரும்பாலும் ஆனை அங்க நிக்குதுன்னே தெரியாம இருட்டுல எதிர்ல போனவங்கதான். அதனாலதான் ஆனந்த குமார்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் எச்சரிக்கை முறைய கொண்டு வந்தாங்க, ஆனை எந்த எஸ்டேட் பக்கம் நிக்குதுன்னு போனுக்கு எஸ்எம்எஸ் வரும், முக்கியமான இடங்கள்ல சிவப்பு லைட் எரியும். அதுக்காக அவருக்கு 2015ல விட்லி விருதுன்னு வனவிலங்கு பாதுகாப்புக்கான விருது கூட குடுத்தாங்க. உங்க நம்பர அந்த லிஸ்ட்ல சேர்க்க சொல்லி கேளுங்க, ஓடப்போற முந்தின நாள் ராத்திரியே மெசேஜ் பாருங்க, உங்க ரூட் பக்கம்னா அன்னிக்கு ரூட்ட மாத்திருங்க. அப்புறம் காதுல ஹெட்போன் கூடாதுங்க. கிளை ஒடியுற சத்தம், சாண வாசம், இது ரெண்டும் கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே சொல்லிரும். பனி இறங்கி எதிர்ல வர்ற வண்டியே தெரியலன்னா அன்னிக்கு ஓட்டம் வேண்டாம்.

ஏத்தம்_இறக்கம்:
நான் இதே ஊர்ல இருந்துதான் மாரத்தானுக்கு ரெடி ஆனேன், அதனால ட்ரெய்னிங் பத்தி சொல்றேன். முப்பது கிமீ ஒரே நீளமா போகணும்னு இல்ல. டவுன் பக்கமோ இல்ல ஆளுங்க வேலை பாக்குற எஸ்டேட் ரோட்லயோ ஒரு நாலு கிமீ லூப் பாத்து வெச்சுக்கிட்டு அதையே திரும்ப திரும்ப ஓடுங்க, சலிப்பாத்தான் இருக்கும் ஆனா ஒவ்வொரு ரவுண்டுலயும் அந்த ரோடு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிட்டே இருக்கும், தண்ணி பாட்டிலும் ஒரே இடத்துல வெச்சிரலாம். வாட்ச்ல வர்ற வேகத்த பாக்காதீங்க, இங்க சமதளமே கிடையாது, மூச்ச வெச்சு ஓடுங்க. இந்த ஏத்தத்துல பழகின காலுக்கு சென்னை ரோடு சுலபமா இருக்கும், ஆனா அங்க இருக்கிற புழுக்கம் உங்களுக்கு புதுசாயிடும், அதனால கடைசி மாசத்துல ரெண்டு மூணு லாங் ரன்னாவது பொள்ளாச்சி இறங்கி ஓடுங்க.

காட்டுமாடு பத்தி யாரும் சொல்லல. ரோட்டோரம் சும்மா மேயும், சாதுவா தெரியும், பெரிய ஆண் ஒரு டன் வரைக்கும் இருக்கும். கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போயிராதீங்க. ஓட்டத்த நிறுத்தி நடந்து பின்வாங்குங்க, அது நகர்ற வரைக்கும் நில்லுங்க. சிறுத்தைய பாத்தாலும் முதுகு காட்டி ஓடக்கூடாது, அது துரத்தணும்னு தோண வைக்கும்.

சமவெளி_ஓட்டக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காட் ரோடு யோசனைய விட்டுட்டேன். லயன் பக்கம், அதான் தொழிலாளர் வரிசை வீடுங்க பக்கம், நாய்ங்க துரத்துதே, அதுக்கு என்ன பண்றது? மழைல அட்டை வேற.

லயன்வீட்டு_பேரன்:
நாய் வந்தா ஓடாம நின்னு நடங்க அண்ணா, ரெண்டு வாரத்துல உங்கள பழகிரும். கடிச்சா சின்ன கீறலா இருந்தாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஜிஹெச் போய் ஊசி போடுங்க. நாய்ங்க கூட்டமா ஒரு புதர பாத்து விடாம குலைச்சா அந்தப் பக்கம் போகாதீங்க, சிறுத்தை நாய தேடித்தான் லயனுக்கு வரும். அட்டைக்கு புல்லுல இறங்காம ரோட்லயே இருந்தா பாதி குறைஞ்சிரும், மிச்சத்துக்கு சாக்ஸ்ல மூக்குப்பொடி தடவுங்க. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு மேல நானும் வர்றேன், எந்த எஸ்டேட்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க.