முளைகட்டிய தானியம் கொடுத்தால் கோழித் தீவனத்தைக் குறைக்கலாமா?

பச்சைத்தட்டு:
வீட்டுக் கோழிகளுக்கு மூட்டைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பவர்கள் தட்டில் தானியம் முளைக்க வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ பார்லியோ கோதுமையோ எடுத்து இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் துளை போட்ட தட்டில் ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, காலையும் மாலையும் அலசிவிட்டால் போதும், ஏழாம் நாள் ஐந்தாறு கிலோ பச்சைத் தீவனம் கையில் இருக்கும். மண் வேண்டாம், உரம் வேண்டாம். நான் மூட்டைத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். தட்டைப் பார்த்தாலே கோழிகள் ஓடி வருகின்றன, மஞ்சள் கருவும் நல்ல நிறத்தில் வருகிறது. புரதம் கூடுகிறது, வைட்டமின் கூடுகிறது. இதைச் செய்யாமல் விட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முட்டைக்கணக்கு:
பாதியாகக் குறைத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் பிரச்சினை நண்பரே. நாலு பேர் இதைப் பார்த்துச் செய்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பார்லியில் ஈரம் போக ஏறக்குறைய 900 கிராம் உலர்பொருள் இருக்கும். விதை தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எரித்துத்தான் முளைக்கிறது, அதனால் ஒரு வாரத்தில் அந்த 900 கிராம் 750 பக்கம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒருபோதும் அதிகமாகாது. அப்படியென்றால் நீங்கள் தூக்கி வரும் ஆறு கிலோவில் ஐந்தேகால் கிலோ வெறும் தண்ணீர்.

முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் அளவுக்குக் காய்ந்த தீவனம் தின்னும். அதில் பாதியை இந்தப் பச்சையை வைத்து ஈடுகட்ட ஒரு கோழி தினமும் 400 கிராம் தின்றாக வேண்டும். இரண்டு கிலோகூடத் தேறாத பறவையின் தீனிப்பையில் அவ்வளவு எங்கே கொள்ளும்? வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சத்து போய்ச் சேராது.

பச்சைத்தட்டு:
தண்ணீர் இருக்கிறது என்று எனக்கும் தெரியும் சார். ஆனால் புரதத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? தானியத்தில் 12 சதவீதம் என்றால் முளைத்த பிறகு 15 பக்கம் வருகிறது. அளவு குறைந்தாலும் தரம் கூடுகிறதே.

முட்டைக்கணக்கு:
சதவீதம் கூடுகிறது, புரதம் கூடவில்லை. அதே 900 கிராமில் 12 சதவீதம் என்றால் 108 கிராம் புரதம். மாவுச்சத்து எரிந்து மொத்தம் 750 ஆகும்போது அந்த 108 கிராம் அப்படியே இருந்தாலே 14 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெறும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற விதைக்குப் புதிதாகப் புரதம் உண்டாக்க வேண்டிய நைட்ரஜன் எங்கிருந்து வரும்? ஆக, புரதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கோழிக்கு எரிசக்தி தரும் மாவுச்சத்துதான் குறைந்திருக்கிறது.

புரதத்தைவிட எனக்குக் கவலை கால்சியம். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது. அதற்காகத்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். தானியத்தில் 0.1 சதவீதம்கூடக் கிடையாது, முளைத்தாலும் கிடையாது. தீவனத்தைப் பாதியாக்கினால் இதுவும் பாதியாகிவிடும். கோழி உடனே முட்டையை நிறுத்திவிடாது, தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். முட்டை வந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கொல்லைக்கோழி:
கணக்கெல்லாம் சரிதான், ஆனால் இதை வைத்து முளைகட்டுவதே வீண் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது, கோழியால் அதைச் சரியாக உடைக்க முடியாது. ஊறி முளைக்கும்போது பைட்டேஸ் என்சைம் அதை அவிழ்த்துவிடுகிறது. பார்லியில் பீட்டா குளுக்கன் என்று ஒன்று உண்டு, அது குடலில் பிசுபிசுப்பை உண்டாக்கி எச்சத்தை ஒட்டும்படி ஆக்கும். முளைக்கிறபோது அதுவும் குறைகிறது. கேரட்டினும் வைட்டமின் ஈயும் கூடுகின்றன. அடைத்து வளர்க்கும் கோழிக்கு, அதுவும் புல் பூண்டு காய்ந்துகிடக்கும் காலத்தில், இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

இந்த நன்மையில் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு நாளிலேயே கிடைத்துவிடுகிறது. ஏழு நாள் வளர்த்துப் பாய் மாதிரி ஆக்குவது மாட்டுக்குச் சரி. கோழி அசை போடும் விலங்கு இல்லையே, அவ்வளவு நாரை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? வேர் எட்டிப் பார்த்து முளை அரை அங்குலம் வந்ததும் கொடுத்துவிடுங்கள். மாவுச்சத்தும் அதிகம் எரிந்திருக்காது.

பச்சைத்தட்டு:
இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். அரை அங்குல முளையில் பச்சை எங்கே இருக்கிறது? மஞ்சள் கருவுக்கு நிறம் தருவது இலையில் உள்ள நிறமிகள், இலை வர நாலைந்து நாள் வெளிச்சம் வேண்டும். இன்னொன்று, பாயாகப் போட்டால் கோழிகள் மணிக்கணக்காகக் கொத்திக் கிழித்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றையொன்று இறகு பிடுங்குவது குறைகிறது. இடம் குறைவாக உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முட்டைக்கணக்கு:
நிறத்துக்கும் பொழுதுபோக்குக்கும் கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுங்கள், ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி. என் சண்டை தீவனத்துக்கு மாற்றாகக் கொடுப்பதோடு மட்டும்தான். பாயாகக் கொடுப்பவர்கள் கத்தரித்துப் போடுங்கள், நீள நீள இழைகள் தீனிப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். கூடவே பொடிக்கல்லும் வையுங்கள், அது இல்லாமல் அரைவைப்பை எதை வைத்து அரைக்கும்?

நிழல்வலை:
நடுவில் ஒரு சந்தேகம். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வருகிறது. பூசணமா? அலசிவிட்டுக் கொடுத்துவிடலாமா? அப்புறம், வீட்டில் சோளம் நிறைய இருக்கிறது, அதையும் முளைக்கப் போடலாமா?

கொல்லைக்கோழி:
முதலில் சோளம். கண்டிப்பாக வேண்டாம். சோள முளையில் துரின் என்ற பொருள் உண்டாகிறது, அதிலிருந்து சயனைடு வெளிப்படும். காய்ந்த சோள மணியைத் தீவனமாகப் போடுவதில் அந்த ஆபத்து இல்லை, முளையில்தான் இருக்கிறது. மக்காச்சோளம் வேறு, அதை முளைக்க வைக்கலாம். மருந்து பூசிய விதையைத் தொடவே வேண்டாம், தின்பதற்கென்று வைத்திருக்கும் தானியம்தான் எடுக்க வேண்டும். சோயா மாதிரி பயறுகளைப் பச்சையாக முளைகட்டிக் கொடுப்பதும் சரியில்லை, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் முளைத்தாலும் முழுசாகப் போகாது.

வெள்ளையாக இருப்பது வேர்த்தூவியாக இருக்கலாம். ஒவ்வொரு வேரையும் ஒட்டி ஒரே சீராக இருக்கும், தண்ணீர் பட்டதும் அமுங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பூசணம் அப்படி இல்லை, ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாவிப் படரும், சாம்பலோ பச்சையோ கறுப்போ தட்டும், மக்கல் வாடை வரும். மூக்கை நம்புங்கள்.

முட்டைக்கணக்கு:
பூசணம் என்று தெரிந்தால் அந்தத் தட்டு முழுக்க வெளியே போக வேண்டும். மேலே உள்ளதைக் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். அலசினால் நச்சு போகாது. ஆஸ்பர்ஜிலஸ் பூசணத்தின் வித்துக்கள் கோழியின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் இறங்கினால் மருந்து கொடுத்துத் தேற்றுவது பெரும்பாடு. சூடு 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 25ஐத் தாண்டத் தாண்டப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். வெக்கையான காலத்தில் தானியத்தை இன்னும் மெல்லிசாகப் பரப்புங்கள், தண்ணீர் தேங்காமல் தட்டைச் சாய்த்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஏழு நாள் வைப்பதைவிட மூன்று நாளில் எடுப்பது மேல் என்று நான் நினைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பச்சைத்தட்டு:
கால்சியத்துக்குக் கிளிஞ்சலைத் தனிப் பாத்திரத்தில் வைத்துவிடுகிறேன், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கோழிகள் நாள் முழுக்க வெளியே மேய்கின்றன, புழு பூச்சி தின்கின்றன. புரதம் அதிலிருந்தும் வருகிறது. உங்கள் 110 கிராம் கணக்கு கூண்டில் நிற்கும் கோழிக்குப் பொருந்தும், என்னுடையவைக்குப் பொருந்தாது.

முட்டைக்கணக்கு:
மேய்கிற கோழிக்கு நடப்பதற்கும் கிளறுவதற்கும் சேர்த்து எரிசக்தி அதிகம்தான் வேண்டும், குறைவாக இல்லை. பூச்சி எவ்வளவு கிடைக்கிறது என்பது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும், அதை நீங்களும் அளக்க முடியாது, நானும் அளக்க முடியாது. ஆனால் கோழியை அளக்கலாம். இரவில் அடையும்போது ஒவ்வொன்றாகத் தூக்கி மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை நிறைந்து எலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டால் உங்கள் பாதித் தீவனம் அதற்குப் போதுகிறது. கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றால் மறுநாளே மூட்டைத் தீவனத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள், முளையைக் கைப்பிடியோடு நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை எடையும் போட்டு எழுதி வைத்து இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.