தண்ணிக்குள் கண் திறந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சின்னப்பாலத்துப் பிள்ளை:
எங்கள் சின்னம்மா கடல் பாசி எடுக்கப் போகிறவர். பன்னிரண்டு வயசில் ஒரு நாள் நானும் வல்லத்தில் (படகில்) தொற்றிக்கொண்டேன். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்துச் சின்னம்மா இறங்கினால் கை நிறைய மரிக்கொழுந்துப் பாசியோடுதான் மேலே வருவார். எனக்குக் கொடுத்த கண்ணாடியின் வார் அறுந்திருந்தது. போகட்டும் என்று வெறும் கண்ணோடு குதித்துவிட்டேன். உப்பு கரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே எதற்கும் ஓரமே இல்லை. பச்சை தெரிகிறது, பழுப்பு தெரிகிறது. பாறை எங்கே முடிந்து பாசி எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெரியவில்லை. என் விரல்கள் ஐந்தா ஆறா என்று எனக்கே சந்தேகம்.

மேலே வந்து புலம்பியதும் சின்னம்மா சொன்னார்: “தண்ணிக்குள்ள கண்ணு வேலை செய்யாதுடா. அதுக்குக் காத்து வேணும். அந்தக் காத்தைத்தான் கண்ணாடிக்குள்ள அடைச்சு எடுத்துட்டுப் போறோம்.”

இதன் அர்த்தம் புரிய எனக்குக் கல்லூரி வரை ஆனது. பள்ளியில் கண் படம் வரையும்போது நடுவில் இருக்கும் லென்ஸ்தான் எல்லாம் செய்கிறது என்று நினைத்திருந்தேன். ஒளியை அதிகம் வளைப்பது கண்ணுக்கு முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியா. ஒளியை வளைக்கும் திறனை டயாப்டரில் அளப்பார்கள். கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால் அதில் 40-க்கு மேல் அதன் பங்கு. ஆனால் எதிரே காற்று இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண் எவ்வளவு வேறுபடுகிறதோ, அந்த அளவுக்கு அவை சேரும் இடத்தில் ஒளி வளையும். அந்த எண் காற்றுக்கு 1, கார்னியாவுக்கு 1.376, தண்ணீருக்கு 1.33. தண்ணீருக்கும் கார்னியாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஒளி அங்கே அநேகமாக வளைவதே இல்லை. பாவம், லென்ஸ் தனியாக எவ்வளவு முக்கினாலும் விழித்திரையில் தெளிவான பிம்பம் விழாது.

அன்றைக்கே அப்புறம் சின்னம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எல்லாம் பளிச். ஆனால் பாசியைப் பிடிக்கக் கையை நீட்டினால் எட்டவில்லை! கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள் கால்வாசி கிட்டத்தில் வந்தது போலவும் பெரிதாகவும் தெரியும். அன்று வெறும் தண்ணீரைத்தான் நிறையப் பிடித்தேன்.

தன் காலத்தில் கண்ணாடி இல்லாமலே பார்த்து எடுத்ததாக அப்பத்தா சொல்லும். பீலா என்று சிரிப்போம். யாருக்காவது அப்படித் தெரிந்திருக்கிறதா?

தொண்டி டீச்சர்:
அப்பத்தாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் தம்பி. தாய்லாந்துக் கடலோரம் மோக்கன் என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தண்ணீருக்குள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லென் 2003-ல் ஆய்வு வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் தண்ணீருக்குள் கண் பாவையை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்புத் துளையை, 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறார்கள், லென்ஸையும் முடிந்தமட்டும் குவிக்கிறார்கள். துளை சின்னதானால் கலங்கல் குறையும். பழக்கினால் ஸ்வீடன் பிள்ளைகளுக்கும் அது வந்தது.

மீன் எப்படிப் பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லையே! குழம்பில் கிடக்கும் தலைக்கு எங்கள் வீட்டில் எப்போதும் சண்டை. கண்ணைத் தோண்டினால் ஒரு வெள்ளைக் குண்டு வரும். அதுதான் லென்ஸ். கார்னியா உதவாத இடம் என்பதால் மீனுக்கு லென்ஸே கோலிக்குண்டு போல உருண்டை. நம் லென்ஸ் பருப்பு மாதிரி தட்டை. நாம் அதன் வடிவத்தை மாற்றிக் குவிக்கிறோம், மீன் பெரும்பாலும் அதை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. பச்சை மீனில் பார்த்தால் பளிங்காக இருக்கும். வெந்ததும் முட்டை வெள்ளைக்கரு போலப் புரதம் வெளுத்துவிடும். நமக்குக் கண்புரை வருவதும் லென்ஸின் புரதம் திரண்டு கலங்குவதால்தான். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து ஒருத்தி மீன் தலை சாப்பிடுவதில்லை.

மண்டபம் படகு:
நான் முதல் முறை ராத்தொழிலுக்குப் போனபோது சித்தப்பா தூரத்தில் ஒரு வெளிச்சத்தைக் காட்டினார். உற்றுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. “நேரா முறைக்காதடா, கொஞ்சம் ஒதுக்கிப் பாரு” என்றார். ஒதுக்கிப் பார்த்ததும் புள்ளியாக மினுங்கியது. திரும்ப நேரே பார்த்தேன், காணோம்! பேய் விளக்கோ என்று பயந்துவிட்டேன்.

இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன. நடுவில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மட்டும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு பயல் செல்போனைத் திறந்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களை அவ்வளவாகத் தொடாது, அதனால் நான் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சின்னப்பாலத்துப் பிள்ளை:
டீச்சர், அப்பத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

சின்னம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்கிறது. வெயிலும் காற்றும் பல வருஷம் பட்டதால் வருவதாம். பாவை வரை வந்தால் அறுக்க வேண்டியிருக்கும், அறுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீருக்குள் கண்ணாடி போடுகிறவர், வல்லத்தில் ஏறியதும் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் உட்கார்ந்து பாசி பிரிப்பார். ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். பேரன் போட்டுக்கொண்டு திரிகிறான்.