குழுவாகப் பேசிப் படித்தால் மருத்துவம் வருமா?

கதிர்: எங்கள் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டிலேயே பாதி விரிவுரைகளை நிறுத்திவிட்டு, மாணவர்களை எட்டு எட்டுப் பேராக உட்காரவைத்து, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அலசச் சொல்லலாம் என்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். இதயத்தின் வால்வுகளே தெரியாதவன் மூச்சுத்திணறல் கேஸில் எதை அலசுவான்? கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2006இல் எழுதியது இதைத்தான். புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் விட்டால், தேடுவதிலேயே அவர் மூளை களைத்துவிடும்.

மலர்விழி: சார், மறு வருடமே அதற்கு மறுப்பு வந்துவிட்டது. வழிகாட்டாமல் யார் விடுகிறார்கள்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இந்தக் குழுப் பேச்சுக்கு ஏழு படிகள் உண்டு. புரியாத சொல்லைத் தெளிவாக்கி, சிக்கலை வரையறுத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லி, அதை ஒழுங்குபடுத்தி, எதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அப்புறம் தனியாகப் படித்துவிட்டு வந்து மீண்டும் பேசுவார்கள். அந்தக் கேஸ் கொடுப்பதே அவனை வால்வைத் தேடிப் படிக்க வைக்கத்தான்.

கதிர்: அவன் தேடிப் படித்தானா என்று யார் பார்ப்பது? இந்த முறையை 1969இல் தொடங்கிய கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலேயே, 1980களின் கடைசியில் மருத்துவர் உரிமத் தேர்வில் தோற்றவர்கள் நாட்டுச் சராசரியைவிட மிக அதிகம்.

மலர்விழி: உண்மைதான். ஆனால் அதற்காக அவர்கள் குழுக்களைக் கலைக்கவில்லை. வருடத்துக்கு மூன்று முறை, மொத்தப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கும் முன்னேற்றத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். தோல்வி நன்றாகக் குறைந்தது. குறை இருந்தது மதிப்பீட்டில்.

ராஜி: நான் இப்படிப் படித்த மாணவி. எங்கள் குழுவில் ஆங்கிலம் சரளமாக வந்த இரண்டு பேர்தான் பேசினார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த நாங்கள் பதில் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு வந்த மேடம், "தமிழிலேயே சொல்லுங்கள், மருத்துவச் சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்" என்றார்கள். அன்றிலிருந்துதான் எல்லோரும் பேசினோம்.

கதிர்: ராஜி சொல்வதுதான் என் கவலையும், அம்மா. எல்லாமே அந்த மேடம் மாதிரி ஒருவர் கிடைப்பதில் இருக்கிறது. 250 பேர் படிக்கும் கல்லூரிக்கு எட்டுப் பேருக்கு ஒருவர் என்றாலும் 32 ஆசிரியர் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். எங்கள் உடலியங்கியல் துறையில் அதில் பாதிகூட இல்லை.

மலர்விழி: அதற்காக முழுவதையும் கைவிட வேண்டுமா சார்? வாரம் ஒரு பிற்பகல், துறைகள் சேர்ந்து ஆசிரியர்களைத் தரட்டும். அடிப்படை விரிவுரை முடிந்த பிறகு கேஸைக் கொடுங்கள்.

கதிர்: விரிவுரைக்குப் பிறகு என்றால் சரி, சம்மதம். ஆனால் அந்த ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி. அது இல்லாமல் தொடங்கினால் கல்லூரிக் கூட்டத்தில் எதிர்த்துத்தான் பேசுவேன்.